லீக்ஸ் மஞ்சளாவது நுண்ணங்கிகள் செத்ததால் அல்ல

லீக்ஸ் மஞ்சளாகிறது, மண்ணிலுள்ள நுண்ணங்கிகள் செத்துவிட்டனவா என்று கேட்டிருந்தீர்கள். அவை சாகவில்லை, பெருகியிருக்கின்றன. யூரியாவை நிறுத்தி மாட்டெருவும் மரத்தூளும் கலந்த உங்கள் நுவரெலியாப் பாத்தியில் லீக்ஸ் மஞ்சளாவதற்குப் பெரும்பாலும் காரணம் அந்த மரத்தூள்தான். அதில் ஒரு பங்கு நைதரசனுக்குப் பல நூறு பங்கு காபன். அதைத் தின்னும் பூஞ்சையும் பற்றீரியாவும் தங்களுக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்கின்றன, பயிருக்கு மிஞ்சுவதில்லை. அவை மடியும்போது திரும்பக் கிடைக்கும், ஆனால் அந்தக் குளிரில் மாதக்கணக்காகும்.

முதலில் மஞ்சளாவது கீழிலையா என்று பாருங்கள். அப்புறம் நாலு விரல் ஆழம் கிளறுங்கள். தூள் நிறம் மாறாமல், அதன்மேல் வெள்ளை நூல் நூலாய்ப் பூஞ்சை ஓடியிருந்தால் இதுதான் சங்கதி. ஒரு வரிசைக்கு மட்டும் நன்கு மக்கிய கோழி எரு போட்டு மண் அணைத்து, இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பக்கத்து வரிசையோடு ஒப்பிடுங்கள். புது இலை பச்சையாக வந்தால் சரி, மற்றவற்றுக்கும் போடலாம். அவசரப்பட்டுச் சேதனப் பசளையையே கைவிட்டுவிடாதீர்கள்.

வேர் பழுப்பாகி அழுகியிருந்தால் இது பொருந்தாது. பல வருட யூரியாவால் மண் புளித்து, அந்தப் புளிப்பைக் காட்டும் அளவான பிஎச் 5-க்குக் கீழே போயிருந்தாலும் எரு மட்டும் போதாது. மண்ணைப் பரிசோதித்த பிறகே, புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்பு வகையான டொலமைட் போடுங்கள்.