ஸ்டென்ட் வைத்த பிறகும் இரண்டு அடைப்புகள்: பைபாஸ் தேவையா?

கேள்வி: எனக்கு வயது 56. நான்கு மாதங்களுக்கு முன்பு மாரடைப்பு வந்தது. உடனே ஆஞ்சியோகிராம் செய்து, இடது முன்பக்கக் குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். வலது குழாயில் 50 சதவீதம், இடது வளைகுழாயில் 40 சதவீதம் அடைப்பு இருப்பதாக அறிக்கையில் எழுதியிருக்கிறது. அவற்றுக்கு மாத்திரை போதும் என்கிறார் இதயநோய் மருத்துவர். ‘மிச்சம் இருப்பதும் முழுதாக அடைத்துக்கொள்வதற்குள் பைபாஸ் செய்துகொள்’ என்கிறார் என் அண்ணன். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிகிறது; கைகளில் நீலத் திட்டுகள் வருகின்றன. அதனால் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த இரண்டு மாத்திரைகளில் ஒன்றை நான்கு நாட்களாக நிறுத்தியிருக்கிறேன். இடது மார்பில் அவ்வப்போது சுருக்கென்று குத்துகிறது. படி ஏறவே பயமாக இருக்கிறது, தூக்கமும் இல்லை. மீதி அடைப்புகளைக் கரைக்க வழி உண்டா? நான் பழையபடி நடமாட முடியுமா?

பதில்: பைபாஸ், அடைப்பு எல்லாம் அப்புறம் பேசலாம். முதலில் அந்த மாத்திரை. இன்றே உங்கள் இதயநோய் மருத்துவரிடம் பேசுங்கள். அவர் கிடைக்காவிட்டால் ஸ்டென்ட் வைத்த மருத்துவமனைக்கு நேரில் போங்கள். ‘நான்கு நாட்களாக நிறுத்திவிட்டேன், இடையிடையே நெஞ்சில் குத்துகிறது’ என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பார்கள். விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து நீங்களாகவே நான்கைந்து மாத்திரைகளை விழுங்கிவிடாதீர்கள். மறுபடி தொடங்கும்போது முதல் வேளை எவ்வளவு என்பதை அவர் சொல்லட்டும்.

ஏன் இவ்வளவு அவசரம்? ஸ்டென்ட் என்பது உலோக வலை. ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள். அதைக் கண்டால், ரத்தத்தை உறையவைக்கும் ரத்தத்தட்டுகள் போய் ஒட்டிக்கொள்ளும். குழாயின் உள்தோல் வளர்ந்து அந்தக் கம்பிகளை மூடும்வரை இந்த ஆபத்து அதிகம். இப்போது வைக்கப்படும் ஸ்டென்ட்களில் பூசியிருக்கும் மருந்து, குழாய் மறுபடி சுருங்காமல் பார்த்துக்கொள்கிறது. அதே மருந்து உள்தோல் வளர்வதையும் சற்றுத் தாமதப்படுத்துகிறது. இடையில் அங்கே ரத்தம் உறைந்தால் குழாய் சில நிமிடங்களில் முழுதாக அடைத்துக்கொள்ளும். உங்களுக்கோ ஸ்டென்ட் இருப்பது இதயத்தின் முன்சுவருக்கே ரத்தம் கொடுக்கும் பெரிய குழாயில்.

மாரடைப்புக்குப் பிறகு வழக்கமாக 12 மாதங்கள் இரண்டு மாத்திரைகளும் தேவை: ஒன்று குறைந்த அளவு ஆஸ்பிரின், இன்னொன்று குளோபிடோக்ரல், டிகாகிரெலோர், பிராசுகிரெல் ஆகியவற்றில் ஒன்று. ரத்தக்கசிவு அபாயம் உண்மையிலேயே அதிகமாக இருப்பவர்களுக்கு இந்தக் காலத்தைக் குறைப்பதும், வீரியமான மருந்திலிருந்து மிதமானதற்கு மாற்றுவதும் உண்டு. ஆனால் எதை, எப்போது நிறுத்துவது என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஈறில் கசியும் ரத்தமும் நீலத் திட்டுகளும் பெரும்பாலும் தொல்லைதான், ஆபத்து அல்ல. மென்மையான பிரஷுக்கு மாறுங்கள். பல் மருத்துவரிடம் ஈறைக் காட்டுங்கள். பல் பிடுங்க வேண்டும் என்று அவர் சொன்னால், இதயநோய் மருத்துவரிடம் பேசிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். மலம் தார்போலக் கறுத்துப் போவது, ரத்த வாந்தி, சிறுநீரில் ரத்தம், கால் மணி நேரம் அழுத்திப் பிடித்தும் நிற்காத மூக்கு ரத்தம், திடீரென்று வரும் கடுமையான தலைவலி, தலையில் அடி ஆகியவைதான் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயங்கள். வயிற்றுப் புண்ணைத் தடுக்க ஒரு மாத்திரை கொடுத்திருப்பார்கள், அதையும் விடாதீர்கள். நீங்கள் சாப்பிடுவது குளோபிடோக்ரல் என்றால் அதனுடன் ஒமெப்ரசோல் சரிவராது, பான்டோப்ரசோல் போன்றதே நல்லது. உடல்வலிக்கு ஐபுபுரூஃபன், டைகுளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றோடு அது முடிந்தது. பாராசிட்டமால் போதும்.

இனி அண்ணனின் கவலைக்கு வருவோம். அவர் நினைப்பதைத்தான் பெரும்பாலானவர்களும் நினைக்கிறார்கள்: இன்று 50, அடுத்த வருடம் 60, பிறகு 80, ஒருநாள் 100, அன்றைக்கு மாரடைப்பு. மாரடைப்பு பெரும்பாலும் அப்படிப் படிப்படியாக வருவதில்லை. கொழுப்பு குழாயின் உள்ளே மேலாகப் படிவதில்லை; சுவருக்குள்ளேயே சேர்கிறது. தொடக்கத்தில் குழாய் வெளிப்பக்கமாக விரிந்து கொடுத்து அதற்கு இடம் ஒதுக்கிவிடும். சுவரில் கணிசமாகக் கொழுப்பு சேர்ந்த பிறகும் ஆஞ்சியோகிராமில் குழாய் ஒழுங்காகத் தெரிவதற்கு இதுதான் காரணம். 1987-லேயே இது விளக்கப்பட்டுவிட்டது. அந்தக் கொழுப்புத் திரளின் மேல் ஒரு மெல்லிய மூடி இருக்கிறது. பழுத்த கட்டி உடைவதுபோல் அந்த மூடி கிழிந்தால் உள்ளே இருப்பது ரத்தத்தில் கலக்கும், அங்கே ரத்தம் உறையும், குழாய் அடைபடும். அதற்கு முன்புவரை அந்த இடத்தில் 40 சதவீதமே அடைப்பு இருந்திருக்கலாம். ஆகவே சதவீதத்தைவிட அந்த மூடி எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதே முக்கியம்.

அந்தச் சதவீதத்தையும் வேத வாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். திரையில் தெரியும் நிழலைப் பார்த்து மருத்துவர் போடும் மதிப்பீடு அது. ஒரே படத்துக்கு ஒருவர் 50 என்பார், இன்னொருவர் 60 என்பார். இருவரும் நல்ல மருத்துவர்களாகவே இருப்பார்கள். பொதுவாக 70 சதவீதத்தை நெருங்கும்போதுதான், உடல் உழைக்கும் நேரத்தில் ரத்த ஓட்டம் போதாமல் போகிறது. இடைப்பட்ட அடைப்புகளில் சந்தேகம் வந்தால், மெல்லிய கம்பி ஒன்றைக் குழாய்க்குள் செலுத்தி, அடைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள ரத்த அழுத்தத்தை ஒப்பிடுவார்கள். விகிதம் 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தால்தான் அந்த அடைப்பு ஓட்டத்தைத் தடுக்கிறது என்று பொருள்.

மாரடைப்பு வந்தவருக்கு மற்றக் குழாய்களில் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருந்தால் கதை வேறு. அவற்றிலும் ஸ்டென்ட் வைப்பது அடுத்த மாரடைப்பைக் குறைக்கிறது என்று 2019-இல் வெளியான, நாலாயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற கம்ப்ளீட் ஆய்வு காட்டியது. 50 முதல் 69 வரை இருந்தவர்களை, அழுத்தக் கம்பி சோதனையில் தேறாதபோது மட்டுமே அதில் சேர்த்தார்கள். உங்கள் 40 அந்தக் கணக்கிலேயே வராது. 50 எல்லையில் நிற்கிறது. உழைக்கும்போது உங்களுக்கு நெஞ்சுவலி வந்தால் அதைச் சோதித்துக்கொள்ளலாம். வராதவரை மாத்திரை போதும் என்ற உங்கள் மருத்துவரின் முடிவில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை.

அடைப்பைத் தாண்டி ரத்தம் போகப் புதிய குழாய் தைக்கும் பைபாஸ் அருமையான சிகிச்சை, அது தேவைப்படுபவர்களுக்கு. இடது பிரதானக் குழாயில் பெரிய அடைப்பு, மூன்று குழாய்களிலும் கடுமையான அடைப்பு, அதிலும் சர்க்கரை நோயோ இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறைவோ சேர்ந்திருந்தால், அறுவை சிகிச்சை ஆயுளைக் கூட்டும். ஆனால் 40, 50 சதவீத அடைப்புக்கு முன்னெச்சரிக்கையாகப் பைபாஸ் செய்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது; அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். பழைய குழாயிலேயே ரத்தம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், புதிதாகத் தைத்த குழாயில் ஓட்டம் குறைந்து, காலப்போக்கில் அது மூடிக்கொள்ள வாய்ப்பு அதிகம். நெஞ்செலும்பைப் பிளந்து வைத்த குழாய் வேலையில்லாமல் வாடிப்போகும்.

கரைக்க வழி உண்டா என்று கேட்டீர்கள். சில வாரங்களில் அடைப்பைக் கரைத்துவிடுவோம் என்று யார் சொன்னாலும், அது மருந்தோ கஷாயமோ கருவியோ, பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நிஜமாகச் செய்ய முடிந்தது இது: கெட்ட கொலஸ்டிராலை, அதாவது எல்.டி.எல்.லை, வெகுவாகக் குறைத்தால் கொழுப்புத் திரள் சிறிதளவு சுருங்கும், அதன் மூடி தடித்து இறுகும். மாரடைப்பு வந்த ஒருவருக்கு எல்.டி.எல். 55 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும், தொடக்கத்தில் இருந்ததில் பாதியாகவாவது குறைந்திருக்கவும் வேண்டும் என்பது ஐரோப்பிய இதயநோய் வல்லுநர்களின் வழிகாட்டல். ஆய்வகச் சீட்டில் ‘இயல்பு’ என்று அச்சிட்டிருக்கும் அளவு நோயில்லாதவர்களுக்கானது. அதைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அட்டோர்வாஸ்டாட்டின் 40 அல்லது 80 மில்லிகிராமில் இலக்கு எட்டாவிட்டால் எசெடிமைப் சேர்ப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் ஊசிமருந்து இருக்கிறது. ‘கொலஸ்டிரால்தான் சரியாகிவிட்டதே, மாத்திரையை விட்டுவிடலாமா?’ என்று மாதத்துக்குப் பத்துப் பேராவது கேட்கிறார்கள். சரியாகியிருப்பதே மாத்திரையால்தான்! தசைவலி வந்தால் சொல்லுங்கள். மருந்தையோ அளவையோ மாற்றிக்கொள்ளலாம்.

புகை பிடிப்பது பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. பிடிப்பவர் என்றால், இதுவரை நான் சொன்ன எல்லாவற்றிலும் பாதிப் பயன் அதில் போய்விடும். ரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழே இருக்கட்டும். சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சுருக்கென்று குத்தும் வலி: ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில், ஓரிரு நொடி குத்திவிட்டுப் போவது, அழுத்தினாலோ புரண்டு படுத்தாலோ மாறுவது பெரும்பாலும் மார்புச் சுவரின் வலிதான். இதய வலி வேறு மாதிரி. நெஞ்சின் நடுவில் பாரமாக, இறுக்கமாக, பிசைவதுபோல் இருக்கும். தாடை, தோள், இடது கை, மேல்வயிறு என்று பரவும். நடக்கும்போது வந்து, நின்றால் சில நிமிடங்களில் அடங்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மூச்சிரைப்பாகவும் வரலாம். மாரடைப்பு அன்று எப்படி இருந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அதே சாயல் இருந்தால் சந்தேகமே வேண்டாம். உட்காருங்கள். நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை கொடுத்திருந்தால் ஒன்றை வையுங்கள். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். நீங்களே வண்டியை ஓட்டிக்கொண்டு கிளம்பக் கூடாது. ஆண்மைக் குறைவுக்கான மாத்திரைகளில் சில்டெனாஃபில் சாப்பிட்ட 24 மணி நேரத்துக்குள்ளும், டடாலாஃபில் சாப்பிட்ட 48 மணி நேரத்துக்குள்ளும் அந்த நைட்ரேட்டைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் அபாயமாகச் சரிந்துவிடும். கூச்சப்பட்டுக்கொண்டு இதைக் கேட்காமலே போய்விடுகிறார்கள்.

படிக்கட்டுக்குப் பயப்படுகிறீர்கள். மாரடைப்பில் காயமுற்ற இதயத் தசை தழும்பாகி ஆறுவதற்குச் சுமார் ஆறு முதல் எட்டு வாரங்கள் பிடிக்கும். உங்களுக்கு நான்கு மாதங்கள் கடந்துவிட்டன. ஸ்டென்ட்டோ குழாய்ச் சுவரில் அழுந்திப் பதிந்திருக்கிறது. நடந்தாலும் தும்மினாலும் குனிந்தாலும் நகராது. எக்கோ பரிசோதனையில் பம்ப் திறன் நன்றாக இருந்து, மேலே சொன்ன அழுத்தும் வலியும் இல்லையென்றால், இ.சி.ஜி. பார்த்து மருத்துவர் சரி என்றதும் நடக்கத் தொடங்குங்கள். சமதரையில் பத்து நிமிடம் போதும். சில நாட்களுக்கு ஒருமுறை இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் வேகத்தின் அளவு. தினமும் அரை மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாட்கள் என்பதை எட்டினால் மகிழ்ச்சி. படியை ஒரு தளம் மெதுவாக ஏறிப் பாருங்கள். நிற்காமல் இரண்டு தளம் வலியோ மூச்சிரைப்போ இல்லாமல் ஏற முடிந்தால் தாம்பத்திய உறவுக்கும் தடையில்லை. இன்னும் தயக்கமாக இருந்தால் மருத்துவர் முன்னிலையில் டிரெட்மில் சோதனை செய்துகொள்ளலாம். பத்து நிமிடம் ஓடி முடித்து இறங்கும்போது பலருக்கு முகமே மாறிவிடும். இதய மறுவாழ்வுப் பயிற்சி கிடைக்கும் இடம் அருகில் இருந்தால் சேர்ந்துவிடுங்கள். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுவதுபோல் இருந்தால் சொல்லுங்கள். டிகாகிரெலோர் சிலருக்கு அப்படிச் செய்யும்.

தூக்கமின்மையை ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். மாரடைப்புக்குப் பிறகு ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. இரவில் விழித்துக்கொண்டு நாடித்துடிப்பை எண்ணுவது, மனைவி தூங்கிய பிறகு கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பதிலாகத் தன் மூச்சு வருகிறதா என்று பார்ப்பது, வெளியே போகவே மனமில்லாமல் இருப்பது எல்லாம் மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றின் அடையாளங்களாக இருக்கலாம். இதைக் கோழைத்தனம் என்று நினைத்து மறைப்பவர்கள்தான் மாத்திரையையும் நடையையும் முதலில் கைவிடுகிறார்கள். மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பேச்சு சிகிச்சை இருக்கிறது. இதயத்துக்குத் தீங்கு செய்யாத மருந்துகளும் இருக்கின்றன.

அடுத்த முறை போகும்போது அண்ணனையும் அழைத்துச் செல்லுங்கள். ஆஞ்சியோகிராம் பதிவைத் திரையில் ஓட்டிக் காட்டும்படி கேளுங்கள். எல்.டி.எல். எவ்வளவு, எக்கோவில் பம்ப் திறன் எத்தனை சதவீதம், வலது குழாயின் 50-ஐ இப்போது சோதிக்க வேண்டுமா என்ற மூன்று கேள்விகளையும் அவரையே கேட்கச் சொல்லுங்கள்.