பொங்கலுக்குப் பதினாலு பேர் வருகிறார்கள், என்ன செய்யலாம்?

குடியாத்தம் பக்கம் எங்களுடையது கூட்டுக் குடும்பம். சென்னை, பெங்களூரு, ஓசூர் என்று பிழைக்கப் போனவர்களெல்லாம் போகிக்கு முந்தின ராத்திரியே வந்து இறங்கிவிடுவார்கள். காணும் பொங்கல் வரை அவர்களுக்குச் சமைத்துப் போட்டு, படுக்க இடம் காட்டி, வண்டி ஏற்றி அனுப்புவது என் பொறுப்பு. கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காட்பாடியிலிருந்து ஒரு மருமகள்: அக்கா, முதல் தடவையாக எங்கள் வீட்டில் பொங்கல். பதினாலு பேர். என்ன சமைப்பது என்று பட்டியல் போட்டுவிட்டேன். வேறு என்ன பார்க்கணும்?

பட்டியலை மடித்து வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டியைப் பாரும்மா. ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் என்றால் பதினாலு பேருக்குத் தலைக்கு எழுபது லிட்டர்தான். குளியல், கக்கூஸ், பாத்திரம், துணி என்று ஒரே நாளில் காலி. நம் பக்கம் நிறைய தெருக்களில் குழாயில் தினமும் தண்ணீர் வராது. உங்கள் தெருவுக்கு எந்தெந்த நாள் விடுகிறார்கள் என்று பார்த்து, போகிக்கு முந்தின முறை வரும்போதே சம்ப், டிரம், அண்டா எல்லாவற்றையும் நிரப்பிவிடு. சம்ப் கழுவுவதென்றால் மார்கழி நடுவிலேயே கழுவி முடித்துவிடணும். லாரித் தண்ணீருக்கும் முன்னாடியே சொல்லிவை, பண்டிகை அன்று டிரைவரும் அவர் வீட்டில் பொங்கல் வைத்துக்கொண்டிருப்பார். குழம்பு குறைந்தால் பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் கேட்டு வாங்கலாம். தண்ணீர் தீர்ந்தால் யாரிடம் போய் நிற்பாய்?

அப்புறம், வேலைக்கு வரும் அம்மா அந்த மூன்று நாளும் வரமாட்டார். வரச் சொல்லிக் கேட்கவும் கூடாது. புதுத்துணியும் பணமும் முன்னாலேயே கொடுத்துவிட்டு, பாத்திரம் தேய்ப்பதை வீட்டு ஆண்களுக்குப் பிரித்துக் கொடு. சொல்லாமல் யாரும் எழுந்து வரமாட்டார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடணும்.

ஆற்காட்டிலிருந்து: ஒரே பாத்ரூம். காலையில் எல்லோருக்கும் வெந்நீர் வேண்டும். எப்படிச் சமாளிப்பது?

சித்திரை வெயிலுக்குப் பெயர்போன ஊர் என்றாலும், தை பிறக்கும்போது விடியற்காலையில் நம் ஊர்க் குளிர் எலும்பைத் தொடும். பதினைந்து லிட்டர் கீசரை நம்பினால் இரண்டு பேர் குளிப்பதற்குள் பச்சைத் தண்ணீர் வந்துவிடும். கொல்லையில் மூன்று செங்கல் வைத்து ஒரு அண்டாவை ஏற்றிவிடுங்கள். விறகை ஒரு வாரம் முன்னாலேயே வாங்கி வெயிலில் போடணும், பனியில் நனைந்த விறகு புகைந்துகொண்டே இருக்கும். பொங்கல் வைப்பவர்கள் முதலில் குளிக்கட்டும். குழந்தைகளை முந்தின சாயங்காலமே குளிப்பாட்டிவிட்டால் காலை நெரிசல் பாதி குறையும்.

மூட்டுவலிக்காரப் பெரியவர் வந்தால் கமோடு நாற்காலி ஒன்று வாங்கி வையுங்கள், சர்ஜிகல் கடையில் கிடைக்கும். கக்கூஸ் போகும் வழியில் இரவு முழுக்க ஒரு விளக்கு எரியட்டும்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி: இரண்டு ரூம் வீடு, ஒன்பது பேர். லாட்ஜ் போடலாமா?

வேலூர் காந்தி ரோடு பக்கம் எனக்குத் தெரிந்து எந்த மாதமும் லாட்ஜில் கூட்டம் இருக்கும். சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வருபவர்களுக்கு வேண்டிய இடம் அது. போட்டே ஆகணும் என்றால் சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் பாருங்கள். ஆனால் ஒன்பது பேருக்கு லாட்ஜ் எதற்கு? ஹாலில் ஜமக்காளம் விரித்து, மேலே பாய் போட்டால் ஆறு பேர் படுக்கலாம். மெத்தை, தலையணை குறைந்தால் சாமியானா கடையில் வாடகைக்குக் கிடைக்கும். தைக்கு முகூர்த்தங்கள் ஆரம்பித்துவிடும், முன்னாலேயே சொல்லிவையுங்கள்.

பெட்டியிலிருந்து எடுத்த போர்வையை அப்படியே கொடுக்காதீர்கள், அந்துருண்டை வாசனையில் தூக்கம் வராது. பத்து மணிக்கு மேல் மாடியில் காயப்போட்டு, நான்கு மணிக்குள் எடுத்துவிடணும். அதற்கு மேல் விட்டால் பனி இறங்கி மறுபடி ஈரம். குடியாத்தம் கைலி இரண்டு கூடுதலாக வைத்திருங்கள். மாற்றுக் கைலி கொண்டுவர மறக்கும் சித்தப்பா எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு.

வாலாஜாவிலிருந்து ஒரு அம்மா: மகளுக்குத் தலைப்பொங்கல். சம்பந்தி வீட்டாரும் ராத்திரி தங்குகிறார்கள்.

தாழ்ப்பாள் சரியாக விழும் அறையை மகள், மாப்பிள்ளைக்குக் கொடுங்கள். சம்பந்தியம்மாவுக்குக் கட்டில். சீர்வரிசைத் தட்டுகளை அந்த அறைகளில் அடுக்கிவைக்காதீர்கள், ஆள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள்.

அணைக்கட்டிலிருந்து: எதையெல்லாம் முன்கூட்டியே வாங்கலாம், எதைக் கடைசி நாளில்?

பரங்கி, கருணை, சர்க்கரைவள்ளி, சேப்பங்கிழங்கு எல்லாம் ஒரு வாரம் முன்பே வாங்கலாம். பரங்கியை முழுசாக வாங்கணும், கீற்று வேண்டாம். மொச்சையை இரண்டு நாள் முன்னால் வாங்கி உரித்து வையுங்கள். உரிக்க உட்கார்ந்தால் ஊர்க்கதையெல்லாம் வரும், வந்த விருந்தாளிகளையும் உட்கார வைத்துவிடலாம். வாழையிலை, மஞ்சள் கொத்து, கீரை மட்டும் போகி அன்று. அன்றைக்கு வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் விலையும் கூட்டமும் போட்டிபோடும், காலை ஆறு மணிக்குப் போய்விடுங்கள். இலைக்கட்டை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்தால் இரண்டு நாள் வாடாது. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கண்ணில் பட்டால் விடாதீர்கள். புவிசார் குறியீடு 2023இல்தான் கிடைத்தது, ருசி எங்களுக்கு எப்போதோ தெரியும்.

அதிரச மாவு இரண்டு மூன்று நாள் ஊறணும், அதைக் கணக்கு வைத்து முதலிலேயே பிசைந்துவிடுங்கள். இட்லிக்கு ஒரு கிலோ அரிசி, கால் கிலோ உளுந்து ஆட்டினால் ஏறக்குறைய ஐம்பது வரும். இந்தக் குளிரில் மாவு சீக்கிரம் பொங்காது. மதியமே ஆட்டி, கையால் நன்றாகக் கலந்து, அடுப்பு மேடையோரம் மூடிவையுங்கள். பால், காபிக்கு மட்டும் பதினாலு பேருக்கு இரண்டு வேளை என்றால் மூன்று லிட்டர் ஆகும், பொங்கலுக்கு வேண்டியது தனி. பால்காரரிடம் வாயால் சொன்னால் போதாது, சீட்டில் எழுதிக் கொடுங்கள். இரண்டாவது சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா என்று தூக்கிப் பாருங்கள்.

பேர்ணாம்பட்டிலிருந்து: எங்களுக்குப் பெருநாள்தான் பண்டிகை, கணக்கு ஒன்றுதானே? இருபது பேருக்குப் பிரியாணி எவ்வளவு?

உங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் பிரியாணி சொல்லித் தருவதா! இருந்தாலும் கேட்டதால்: சீரகச் சம்பா இரண்டரைக் கிலோ, கறி இரண்டரைக் கிலோ. இரவு தங்குகிறவர்கள் இருந்தால் மூன்றாகப் போடுங்கள், பத்து மணிக்கு மேல் இன்னொரு முறை சட்டி திறக்கும்.

திருவலத்திலிருந்து: பெங்களூருப் பிள்ளைகள் மாடு விடும் விழா பார்க்கணும் என்கிறார்கள்.

தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து மட்டும். தெருவின் இரு பக்கமும் தடுப்புக் கட்டியிருந்தாலும் காளை நேர்க்கோட்டில்தான் ஓடும் என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. சிவப்புச் சட்டை, கருப்புச் சட்டை என்றெல்லாம் கவலை வேண்டாம். கைப்பிடிச் சுவர் உயரமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் போவதென்றால் அரைக்கால் சட்டை, கைலியோடு உள்ளே விடமாட்டார்கள், கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: எப்போது கிளம்புவார்கள் என்று எப்படிக் கேட்பது?

வந்த பிறகு கேட்டால்தான் தப்பாகப் படும். வருகிறோம் என்று போன் செய்யும்போதே, "ரிட்டர்ன் டிக்கெட் போட்டாச்சா? அறுபது நாள் முன்னாடியே திறந்துடுது, காட்பாடியிலிருந்து அன்னைக்கு இடமே கிடைக்காது" என்று அக்கறையாகக் கேளுங்கள். டிக்கெட் போட்டதும், "எத்தனை மணி வண்டி, ஸ்டேஷனுக்கு யார் கொண்டுவிடணும்?" என்று கேட்டு நாட்காட்டியில் எழுதிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போகிறேன் என்பவர்தான் கொஞ்சம் சிரமம். அவருக்கு வழிக்குப் புளிச்சோறு எந்த வேளைக்குக் கட்டணும் என்று கேளுங்கள்.