எந்த மாதம், எந்த நேரம்? – செட்டிநாட்டுப் பயணம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பிள்ளைகளுக்கு லீவு மே மாதத்தில்தான். எழுபது வயதைத் தாண்டிய மாமனார், மாமியாரையும் அழைத்துக்கொண்டு காரைக்குடிப் பக்கம் வர ஆசை. வெயிலைச் சொல்லி எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். வரலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: தாராளமாக வாருங்கள். இந்த ஊருக்கு ஏற்ற மாதங்கள் தையும் மாசியும்தான், மறுக்கவில்லை. மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம். பகலில் 38, 40 டிகிரி இங்கே சாதாரணம். ஆனாலும் செட்டிநாட்டில் மாதத்தைவிட மணிக்கணக்குதான் முக்கியம்.

வருகிறவர்களில் பலர் காலை வேளையைப் பழைய செட்டிநாட்டு வீடுகள் பார்ப்பதில் கழித்துவிட்டு, உச்சி வெயிலில் கோயிலுக்குப் போகிறார்கள். வெறுங்காலோடு கருங்கல் தளத்தில் நடக்க முடியாமல் பெரியவர்கள் திண்டாடிப்போகிறார்கள். இதை அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளையார்பட்டியில் காலை 6 மணிக்கு நடை திறக்கும். ஆறரைக்கு உள்ளே இருந்தால் எட்டுக்குள் நிம்மதியாகத் தரிசனம் முடியும். மதியம் 1 மணிக்கு நடை சாத்தினால் மறுபடி 4 மணிக்குத்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை வீடுகளுக்குள் இருங்கள். இந்த வீடுகளைக் கட்டியதே இந்த வெயிலுக்காகத்தான். கனத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயர்ந்த கூரை. முகப்பு வாசலிலிருந்து வளவு (முற்றமுள்ள நடுப்பகுதி), இரண்டாம் கட்டு, அடுப்படி தாண்டிப் பின்வாசல் வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். சூடேறிய காற்று முற்றத்தின் வழியாக மேலே போய்விடும். வெளியில் தார் ரோடு கொதிக்கும்போது வளவுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பாருங்கள், வித்தியாசம் உடம்புக்கே தெரியும். வெளிச்சம் நேராக முற்றத்தில் விழுவதால் படம் எடுப்பவர்களுக்கும் இதுவே நல்ல நேரம். ஆத்தங்குடி பெரிய வீட்டைக் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். பூட்டிக் கிடக்கும் மற்ற வீடுகளில் காவலுக்கு இருப்பவரிடம் கேட்டு, அனுமதி கிடைத்தால் மட்டுமே உள்ளே போக வேண்டும். கானாடுகாத்தான் தெருக்களையும் ஊருணிகளையும் மாலை ஐந்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். திருமயம் கோட்டையை மட்டும் இந்த முறை விட்டுவிடுங்கள். உச்சியில் ஒதுங்க நிழல் கிடையாது; பெரியவர்களுக்கு ஆகாது.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கினால் ஒரு லிட்டர் அளவுள்ளதை முழு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். அரை டம்ளரில் கரைத்துக் குடிப்பது தவறு. பாக்கெட் இல்லாவிட்டால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து போடுங்கள். உப்பு கூடினால் கெடுதல். பெரியவர்கள் ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களானால், வெயில் நாட்களில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்று கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது கட்டாயம்.

கேள்வி: நவம்பரில் மூன்று நாள் ரூம் போட்டிருக்கிறோம். ‘கனமழை’ என்று செய்தி வந்தாலே ரத்து செய்துவிட வேண்டுமா?
– வாசகர், சென்னை

பதில்: வேண்டாம். செய்தியை முழுதாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள். வானிலை மைய அறிக்கையில் ‘ஓரிரு இடங்களில்’ என்று இருந்தால், அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவான இடங்களில் மழை என்று பொருள். ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் முக்கால் பங்குக்கு மேல். இந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள தூரம் பெரிது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. அடுத்தது அளவு. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4 மி.மீ.க்கு மேல் அதி கனமழை. சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டங்களையும் பாருங்கள், ஏனென்றால் செட்டிநாடு இரண்டிலும் பரவிக் கிடக்கிறது. எச்சரிக்கையின் நிறம் மஞ்சள் என்றால் குடையோடு வாருங்கள். ஆரஞ்சு என்றால் ஊரை விட்டு ஊர் போகாமல் தங்கும் இடத்தைச் சுற்றியே இருங்கள். சிவப்பு என்றால் யோசிக்காமல் தள்ளிப்போடுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தை எப்படிச் சாய்த்தது என்பதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

மழையின் குணமும் மாதத்துக்கு மாதம் மாறும். ஆவணி, புரட்டாசியில் பகலெல்லாம் வெயில் காய்ந்து, சாயங்காலம் இடியோடு கொட்டி, பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் விட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் தாழ்வு நிலை உருவானால் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். அப்போது சிக்கல் பெரிய ரோட்டில் இல்லை, கிராமத்துத் தரைப்பாலங்களில்தான். கண்மாய் நிறைந்து, உபரி நீர் வழியும் கலுங்கு பாய்ந்தால், மழை விட்ட பிறகும் தண்ணீர் ரோட்டின் மேல் ஓடிக்கொண்டிருக்கும். முழங்கால் அளவு ஓடும் தண்ணீரே காரை இழுத்துவிடும். உள்ளூர்க்காரர் ஒருவர் பைக்கில் கடந்துவிட்டார் என்று நீங்களும் இறங்காதீர்கள்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் வாங்க வருவதாக இருந்தால், மழைக்காலத்தில் நாள் கணக்கை நீட்டி வையுங்கள். கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடும் கல் அது. வெயில் இல்லாவிட்டால் காய்வது பிந்தும். அவசரப்படுத்தி ஈரக் கல்லை ஏற்றிக்கொண்டு போக வேண்டாம்.

மழை நாளில் ஒரு வீட்டு முற்றத்தில் நாற்புறமும் நாட்டு ஓட்டிலிருந்து தண்ணீர் இறங்குவதைப் பார்க்கக் கிடைத்தால், அதற்காகவே நவம்பரில் வந்தது சரி என்று தோன்றும்.

கேள்வி: ஐந்து நாளில் ராமேசுவரம், செட்டிநாடு, கொடைக்கானல். எந்த மாதம், எந்த வரிசை?
– வாசகர், பெங்களூரு

பதில்: ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி. மூன்று இடமும் ஒருசேரக் கைகொடுக்கும் மாதங்கள் வேறில்லை. கொடைக்கானலும் மூணாறும் பக்கத்துப் பக்கம், ஆகவே மழையும் ஒன்றுதான் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். மூணாறில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். கொடைக்கானல் கிழக்கே சாய்ந்த மலை என்பதால் அங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். செட்டிநாட்டுக்கும் கடற்கரைக்கும் அதே காலம்.

கடலில் தொடங்கி மலையில் முடியுங்கள். ராமேசுவரத்திலிருந்து காரைக்குடி சுமார் 140 கி.மீ., மூன்று மணி நேரம். அங்கிருந்து கொடைக்கானல் சுமார் 200 கி.மீ.; ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். தனுஷ்கோடியில் வடக்கே அமைதியான பெண் கடல், தெற்கே சீறும் ஆண் கடல் என்பார்கள். வாடைக் காற்று மாதங்களில் வடக்குப் பக்கம் சீறும். அமைதி என்ற பெயரை நம்பிக் கடலில் இறங்க வேண்டாம்.

மலை சுமார் 2,100 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற கணக்கில் குளிர் கூடும். காரைக்குடியில் 30 டிகிரியில் கிளம்பினால் மேலே பகலிலேயே 17, 18தான். இரவில் இன்னும் நன்றாக இறங்கும். ஸ்வெட்டரைப் பெட்டிக்கு அடியில் வைக்காமல் கைக்கு எட்டும்படி வையுங்கள். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் தேவை. கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். வத்தலக்குண்டை மதியம் 2 மணிக்குள் தாண்டினால் மூடுபனிக்கு முன் மேலே சேரலாம். கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்தால் துணியால் துடைத்துப் பயனில்லை. ஏசியைப் போட்டு காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்புங்கள், அது ஈரத்தை உறிஞ்சிவிடும். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

காரைக்குடியில் வாங்கிய தேன்குழல் பாக்கெட் மலையில் பந்தாக உப்பினால் பயப்பட வேண்டாம். மேலே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அவ்வளவுதான்.

கேள்வி: வேட்டங்குடியில் பறவைகள் எப்போது இருக்கும்?
– வாசகி, மதுரை

பதில்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை, ஆனால் கண்மாயில் தண்ணீர் நின்றால்தான். மழை பொய்த்த ஆண்டில் தேதியை நம்பி வராமல், கொள்ளுகுடிப்பட்டியில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். காலை ஆறிலிருந்து எட்டு நல்ல நேரம். பறவைகள் மிரளுமே என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர் அது. நீங்களும் ஹாரன் அடிக்காமல், தொலைவில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

கேள்வி: ஏப்ரல் கடைசியில் வந்தால் நல்ல மீன் சாப்பாடு கிடைக்குமா?
– வாசகர், கோவை

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப் படகு மீன் வரும், ஆனால் குறைவு, விலையும் ஏறும். பெரிய மீன் கேட்டால் ஐஸில் பல நாள் கிடந்தது வரக்கூடும். அந்த வாரங்களில் கோழியும் காய்கறியும் கேளுங்கள். நண்டு ரசம் ஆடி மாதத்துக்கு இருக்கட்டும்.