தில்லியில் ஐப்பசி மாதம் என்ன வாங்குவது

தம்பி, செப்டம்பர் கடைசியில் முனிர்காவில் அறை எடுத்ததிலிருந்து உருளைக்கிழங்கு, முட்டை, மறுபடியும் உருளைக்கிழங்கு என்றே ஓட்டுகிறேன், காய்கறித் தள்ளுவண்டிக்காரரிடம் போனால் விலையும் கட்டவில்லை, நம்ம ஊர்க் காயும் கண்ணில் படவில்லை, இந்த மாதத்தில் இங்கே மனுஷன் என்னதான் வாங்கிச் சாப்பிடுவது என்று கேட்டிருந்தீர்கள். நான் 1996ல் கல்யாணமாகிக் கும்பகோணத்திலிருந்து இங்கே வந்தவள். முதல் வருஷம் முருங்கைக்காய்க்காகப் பஸ் மாறி மாறி அலைந்தவள் என்பதால் உங்கள் புலம்பல் எனக்குப் புதிதில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் ஐப்பசி என்றால் அடைமழை, கார்த்திகை வரைக்கும் காய் அழுகி விலை ஏறும். இங்கே நேர் எதிர். மழை செப்டம்பர் கடைசியோடு கிளம்பிப் போய்விடும், அதற்கப்புறம் சுரைக்காய், பீர்க்கங்காய், வெண்டைக்காய் எல்லாம் ஒவ்வொன்றாக ஓய, பனிக்காலக் காய்கள் இன்னும் வயலிலேயே இருக்க, நடுவில் ஒரு மாதம் சந்தை வறண்டு கிடக்கும். நீங்கள் சரியாக அந்த மாதத்தில் வந்து இறங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். தீபாவளி முடிந்து இரண்டு மூன்று வாரம் போகட்டும், அதே வண்டியில் காலிஃப்ளவரும் முள்ளங்கியும் கீரையும் மலையாகக் கிடக்கும். அக்டோபரில் கைப்பிடி அளவு காலிஃப்ளவருக்கு அவ்வளவு பணம் கொடுக்காதீர்கள், புழுவும் அதில்தான் அதிகம். வண்டியில் எது குவியலாகக் கிடக்கிறதோ அதை வாங்குங்கள். நாலே நாலு எண்ணி அடுக்கி வைத்திருந்தால், அது இன்னும் பருவம் வராதது அல்லது பருவம் போனது.

விலை கேட்கும்போது கிலோவுக்கா 'பாவ்'வுக்கா என்று கேட்டுவிடுங்கள். பாவ் என்றால் கால் கிலோ. இருபது என்று காதில் விழுந்து, பரவாயில்லையே என்று ஒரு கிலோ போடச் சொல்லி, எண்பது கொடுத்துவிட்டு வந்த நாள் எனக்கு உண்டு. பேரம் பேச ஹிந்தி வராத வரைக்கும் மதர் டெய்ரி பால் நிறுவனத்தின் சஃபல் காய்கறிக் கடைக்குப் போங்கள், 1988லிருந்து நடக்கிறது, பலகையில் விலை எழுதியிருக்கும், பொறுக்கி எடுத்து எடை போட்டுக் கொண்டு வந்துவிடலாம். ஆனால் வண்டிக்காரரைப் பழகிக்கொண்டால் கொத்தமல்லியும் நாலு பச்சை மிளகாயும் சும்மா போடுவார், அது சஃபலில் கிடைக்காது.

பெயர்க் குழப்பம் இன்னொன்று. வந்த வருஷம் நவராத்திரிக்கு நைவேத்தியம் வைக்கச் சீத்தாப்பழம் வாங்கலாம் என்று போய், "சீதாஃபல் ஹை?" என்று பெருமையாகக் கேட்டேன். அவர் தலையாட்டிவிட்டுக் கத்தியை எடுத்து, மூலையில் கிடந்த பெரிய பரங்கிக்காயில் ஒரு கீற்று அறுத்து, விதையை விரலால் வழித்து எறிந்துவிட்டுத் தராசில் வைத்தார். வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, அதற்கு ஹிந்தியும் இல்லை. தில்லியில் சீதாஃபல் என்றால் பரங்கி. நம் சீத்தாப்பழத்துக்குப் பெயர் ஷரீஃபா. அன்றைக்கு வீட்டில் பரங்கிக்காய்ப் புளிக்குழம்பு. நல்லாத்தான் இருந்தது, இன்றைக்கும் அக்டோபரில் எங்கள் வீட்டில் வாரம் ஒரு தடவை அதுதான், ஏனென்றால் இந்த மாதத்தில் மலிவாகவும் குவியலாகவும் கிடைப்பது பரங்கியும் சேப்பங்கிழங்கும்தான். சேப்பங்கிழங்கை 'அர்பி' என்று கேளுங்கள்.

காய்க்குத்தான் இந்த மாதம் பஞ்சம், பழத்துக்கு இல்லை. காஷ்மீரிலிருந்தும் ஹிமாசலத்திலிருந்தும் ஆப்பிள் லாரி லாரியாக ஆசாத்பூர் மண்டிக்கு வந்து இறங்கும் சமயம் இது. இப்போது வாங்கினால் மரத்திலிருந்து பறித்து அதிக நாள் ஆகாதது, கடித்தால் சத்தம் வரும். மார்ச்சில் வாங்குவது குளிர்கிடங்கில் கிடந்தது. கொய்யா இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கட்டும், மழைக்காலக் கொய்யா சப்பென்று இருக்கும், உள்ளே புழுவும் நெளியும். நவம்பரிலிருந்து வருவதுதான் கொய்யா. தக்காளி மாதிரி ஆரஞ்சு நிறத்தில் ஒரு பழம் பார்த்தால் அது 'ஜப்பானி ஃபல்', குலு பக்கத்து மலையில் விளைவது. சில ரகம் காயாக இருக்கும்போது வாயையே கட்டிவிடும் அளவுக்குத் துவர்க்கும், கொழகொழவென்று ஆகும் வரை ஜன்னலில் வைத்துவிட்டுத் தின்னுங்கள்.

சிங்காடா பார்த்திருப்பீர்கள், என்னவென்று தெரியாமல் தாண்டிப் போயிருப்பீர்கள். குளத்தில் மிதக்கும் கொடியில் விளைவது, பச்சையும் சிவப்புமாக, இரண்டு பக்கமும் கொம்பு வைத்த சின்ன எருமைத் தலை மாதிரி இருக்கும். தோலை உரித்தால் உள்ளே வெள்ளைப் பருப்பு, இளந்தேங்காய்க்கும் நுங்குக்கும் நடுவில் ஒரு ருசி. வேக வைத்தால் தோல் கறுத்து, உள்ளே மாவாகிவிடும், மிளகுப்பொடி உப்பு தூவித் தின்னலாம். ஒரே ஒரு எச்சரிக்கை, குளத்து நீரில் கிடப்பதால் குடலில் ஒட்டிக்கொள்ளும் புழு வர வாய்ப்பு உண்டு, தெருவில் நின்று பல்லால் கடித்து உரிக்காதீர்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து நன்றாகக் கழுவிக் கத்தியால் உரியுங்கள், வேக வைத்தால் இன்னும் நிம்மதி.

சாயங்காலம் லேசாகக் குளிர ஆரம்பித்ததும் தள்ளுவண்டியில் கரி அடுப்பு வைத்து, சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுட்டு அடுக்கியிருப்பார்கள். 'ஷகர்கந்தி' என்பார்கள். தோலை விரலால் நீக்கி, துண்டு போட்டு, மசாலா தூவி, எலுமிச்சை பிழிந்து, ஐந்து மூலை வைத்த புளிப்பான நட்சத்திரப்பழத்தைச் சீவிப் போட்டுத் தொன்னையில் தருவார். ஆபீஸ் விட்டு வரும்போது ஒரு தொன்னை தின்றால் இரவு ஒரு தோசை போதும். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் யாராவது கூட வந்தால், அவர்களுக்கு அந்த நட்சத்திரப்பழம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு அது ஆகவே ஆகாது.)

நெல்லிக்காய் இப்போது வர ஆரம்பிக்கும். துவாதசிக்கு அகத்திக்கீரை இங்கே கிடைப்பது குதிரைக் கொம்பு, நெல்லிக்காய்க்குப் பஞ்சமே இல்லை. ஊறுகாய் போடத் தெரியாவிட்டால் நாலைந்தை வேக வைத்துக் கொட்டை எடுத்து, பச்சை மிளகாய் தேங்காயோடு அரைத்துத் தயிரில் கலந்து தாளியுங்கள், பச்சடி ஆயிற்று.

முருங்கைக்காய், வாழைப்பூ, சின்ன வெங்காயம் எல்லாம் ஐஎன்ஏ மார்க்கெட்டிலும் கரோல்பாக்கிலும் உங்கள் முனிர்கா கடைகளிலுமே கிடைக்கும். மாதம் ஒரு முறை, ஆசைக்கு, சரி. அன்றாடச் சமையலை அதை நம்பி வைத்தால் சம்பளம் கரையும், காயும் வாடி வதங்கித்தான் வரும்.

நவம்பர் நடுவில் கீரை வரத்து ஆரம்பித்துவிடும். மேத்தி என்பது நம் வெந்தயக்கீரை, பத்துவா என்பது சக்கரவர்த்திக் கீரை. ஊரில் தேடினாலும் கிடைக்காத அந்தக் கீரை இங்கே கட்டுக் கட்டாக விற்கும், பருப்போடு மசித்தால் அப்படியே அம்மா கை. மண் அதிகம், மூன்று தண்ணீராவது மாற்றி அலச வேண்டும். முள்ளங்கி முழங்கை நீளத்துக்கு இலையோடு வரும். எடை போட்ட கையோடு வண்டிக்காரர் இலையை முறுக்கிப் பிய்த்துக் கீழே மாட்டுக்குப் போடப் போவார். "பத்தா மத் காட்னா பையா", அதாவது இலையை வெட்டாதீங்க அண்ணா என்று சட்டென்று சொல்லிவிடுங்கள். தண்டை சாம்பாருக்கு வைத்துக்கொண்டு, இலையைப் பொடியாக நறுக்கி, பாசிப்பருப்பும் காய்ந்த மிளகாயும் போட்டுப் பொரியல் செய்யுங்கள். முதல் தடவை கொஞ்சம் கசக்கும், நறுக்கியதும் உப்பு போட்டுப் பிசறிப் பிழிந்துவிட்டால் அதுவும் இருக்காது.