காட்டுச் சாலை முடியும் இடத்தில் வழி எங்கே தொடர்கிறது?

கேள்வி: எடின்பரோவுக்குக் குடிவந்த பிறகு மவுண்டன் பைக் ஓட்டத் தொடங்கினேன். பீபிள்ஸ் ஊருக்கு அருகிலுள்ள கிளென்ட்ரெஸ் காட்டில் வண்ணக் குறியிட்ட சுற்றுப்பாதைகள் எனக்குப் பழகிவிட்டன. இனி பீபிள்ஸ், இன்னர்லீதன் பகுதிக் காடுகளை இணைத்து ஒரு முழு நாள் ஓட்ட விரும்புகிறேன். வரைபடத்தில் காட்டுச் சாலைகள் ஏராளமாகத் தெரிந்தாலும், பல சாலைகள் நடுக்காட்டிலேயே முடிந்துவிடுகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்படிச் செல்ல அனுமதி உண்டா?

பதில்: அனுமதியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2003ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்புடன் நடந்துகொள்ளும் எவருக்கும் பெரும்பாலான நிலங்களில் நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் உரிமை அளிக்கிறது. நிலம் அரசுடையதா தனியாருடையதா என்ற வேறுபாடு இதில் இல்லை. வீட்டைச் சுற்றியுள்ள தோட்டம், பயிர் நிற்கும் வயல் போன்றவை விலக்கு. இங்கிலாந்து வரைபடங்களைப் பார்த்துப் பழகியவர்கள், வழியுரிமையைக் காட்டும் வண்ணக் கோடுகள் இங்கே இல்லையே என்று தயங்குவதுண்டு. ஸ்காட்லாந்து வரைபடத் தாள்களில் அவை அந்த முறையில் அச்சிடப்படுவதில்லை, அவ்வளவுதான். சட்டம் தடுக்காத இடத்திலும் நிலம் தடுக்கும் என்பதால், உங்கள் உழைப்பு முழுவதும் நிலத்தைப் படிப்பதில் செல்லவேண்டும்.

சாலைகள் ஏன் பாதியில் நிற்கின்றன என்பது புரிந்தால், இணைப்பை எங்கே தேடவேண்டும் என்பதும் புரிந்துவிடும். வெட்டிய மரத்தை லாரியில் ஏற்றிப் பொதுச்சாலைக்குக் கொண்டுவருவதற்காகப் போடப்பட்டவை இந்தச் சாலைகள். லாரி ஏறக்கூடிய சாய்வில் சரிவைச் சுற்றிச் சுற்றி ஏறி, கடைசி மரத்தொகுதியை எட்டியதும் லாரி திரும்புவதற்கான அகன்ற இடத்தோடு அவை நின்றுவிடுகின்றன. முகட்டைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்குக்கு இறங்கவேண்டிய தேவை மரத்துக்கு இல்லை. அந்தத் தேவை மனிதர்களுக்கு இருந்தது. மாட்டு மந்தைகளைத் தெற்கேயுள்ள சந்தைகளுக்கு ஓட்டிச்சென்றவர்களும், ஊரிலிருந்து ஊருக்கு நடந்தவர்களும், மரங்கள் நடப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே முகடுகளைக் கடக்கும் வழிகளை உண்டாக்கியிருந்தார்கள். ஆகவே ஏறுவதற்குக் காட்டுச் சாலையையும், கடப்பதற்குப் பழைய வழியையும் நம்புங்கள் என்பதே என் முதன்மையான ஆலோசனை.

அந்தப் பழைய வழிகளைக் காண ஓர் அருமையான வாயில் இருக்கிறது. ஸ்காட்லாந்து தேசிய நூலகம், பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளியிட்ட வரைபடங்களை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தி இணையத்தில் இலவசமாகக் காட்டுகிறது. இன்று நாம் பார்க்கும் ஊசியிலைக் காடுகளில் பெரும்பகுதி, 1919இல் வனவியல் ஆணையம் தோன்றிய பிறகு நடப்பட்டது. அதற்கு முந்தைய தாளில் வெற்று மலையின் குறுக்கே ஒரு கோடு ஓடினால், இன்றைய காட்டுக்குள் அதன் தடம் ஒரு பள்ளமாகவோ பழைய கற்சுவரை ஒட்டிய இடைவெளியாகவோ எஞ்சியிருக்க வாய்ப்புண்டு. பொதுவழிகளைக் காக்க 1845இல் தோன்றிய ஸ்காட்வேஸ் சங்கம் பல பழைய வழிகளில் பச்சை நிறப் பலகைகளை நட்டிருக்கிறது. பொதுச்சாலையோரம் அப்படியொரு பலகையைக் கண்டால், அந்த வழி மறுபுறம் எங்கே இறங்குகிறது என்று கட்டாயம் பாருங்கள்.

உங்கள் பகுதியையே எடுத்துக்கொள்வோம். ஆர்ட்னன்ஸ் சர்வேயின் லேண்ட்ரேஞ்சர் வரைபட வரிசையின் 73ஆம் தாளை விரித்தால், ட்வீட் ஆற்றின் தென்புறம் ட்ராக்வேரிலிருந்து 567 மீட்டர் உயரமுள்ள மிஞ்ச் மூர் மலையை நோக்கி ஏறி, பிரவுன் நோ குன்று வழியாகக் கிழக்கே த்ரீ பிரெத்ரன் குன்று வரை முகட்டிலேயே ஓடும் பழைய வழி தெரியும். இன்று சதர்ன் அப்லேண்ட் வே என்ற நெடுந்தூர நடைபாதையும் அதன்மேல்தான் செல்கிறது. அதன் வடக்குச் சரிவில் எலிபாங்க்–ட்ராக்வேர் காடும், கிழக்குமுனையில் யேர் காடும் இருக்கின்றன. அந்த முகட்டை முதுகெலும்பாகக் கொண்டால், தனித்தனியே முட்டுச்சந்தாகத் தெரிந்த சாலைகள் ஏறவும் இறங்கவும் பயன்படும் விலா எலும்புகளாக மாறிவிடும். பீபிள்ஸிலிருந்து இன்னர்லீதனுக்கு வாகனச் சாலையைத் தவிர்க்க, பழைய இரயில் தடத்தின்மேல் அமைத்த பாதை இருக்கிறது. முகட்டில் நடப்பவர்கள் வருவார்கள்; வேகத்தைக் குறைத்து, குரல் கொடுத்து, வழிவிட்டுச் செல்லுங்கள்.

எந்தத் தடமும் கிடைக்காத இடத்தில், காட்டின் பச்சை நிறத்துக்குள் வெள்ளைக் கீற்றாகத் தெரியும் மரமற்ற இடைவெளியைப் பலர் இணைப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். இது பெரும்பாலும் ஏமாற்றும். நடவுத் தொகுதிகளைப் பிரிப்பதற்காக விடப்பட்ட அந்தக் கீற்றில் முழங்கால் உயரப் புல்மேடுகளும், வடிகால் குழிகளும், சேறும்தான் இருக்கும். 300 மீட்டரைக் கடக்க அரை மணி நேரம் வண்டியைத் தூக்கவேண்டி வரலாம். 2021 நவம்பரில் வீசிய ஆர்வென் புயல் இந்தப் பகுதியில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. ஆழமாக வேரூன்றாத சிட்கா ஸ்ப்ரூஸ் மரங்கள் வரிசையாக விழுந்து பின்னிக்கிடக்கும் இடத்தில் மிதிவண்டியோடு நுழைவது ஆபத்து. அவற்றுக்கு அடியில் ஊர்ந்து செல்ல ஒருபோதும் முயலாதீர்கள்.

எனவே ஐயமுள்ள ஒவ்வோர் இணைப்பையும் மூன்று வகையில் சோதியுங்கள். 1:25,000 அளவுத் தாளில் அதற்குப் புள்ளிக்கோடு உண்டா, வான்படத்தில் தேய்ந்த தடம் தெரிகிறதா, ஓட்டங்களைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியின் வெப்ப வரைபடத்தில் பிறர் சென்ற சுவடு இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் ஒத்துப்போனால் நம்பலாம். ஒன்று மட்டும் என்றால், முதலில் நடந்து சென்று பார்ப்பதே நல்லது. மான்வேலிகள் வரைபடத்தில் தெளிவாகத் தெரியாது என்பதால் கதவு இருக்குமிடத்தையும் அப்போதே குறித்துக்கொள்ளலாம். ஐயமான இணைப்பை நாளின் முற்பகுதியில் வையுங்கள். வழி அடைபட்டிருந்தால் திரும்பிவரப் பகல்வெளிச்சம் மிஞ்சும். டிசம்பரில் அங்கே பகல் ஏறத்தாழ ஏழு மணி நேரம்தான்.

கேள்வி: மின்மோட்டார் பொருத்திய மிதிவண்டிக்கும் இந்த உரிமை பொருந்துமா?

பதில்: பெடல் மிதிக்கும்போது மட்டும் துணைபுரியும், 250 வாட் திறனுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட மோட்டார் என்றால், அது சாதாரண மிதிவண்டியாகவே கருதப்படுகிறது. அதற்கு மேற்பட்டது மோட்டார் வாகனம். அதற்கு இந்த உரிமை இல்லை.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ஒரு காட்டுச் சாலையில் மரம் வெட்டும் எச்சரிக்கைப் பலகை இருந்தது, இயந்திர ஓசை எதுவும் கேட்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கடந்து செல்லலாமா?

பதில்: செல்லாதீர்கள். வார இறுதியிலும் வேலை நடப்பதுண்டு. இயந்திரம் சற்றுநேரம் நின்றிருப்பதை வேலை முடிந்ததாக எண்ணிவிடக்கூடாது. மரம் அறுக்கும் இயந்திரத்தின் சங்கிலி அறுந்தால் அதன் துண்டு துப்பாக்கிக் குண்டின் வேகத்தில் தெறிக்கக்கூடும். ஆளில்லாத நேரத்திலும் சாலையோரம் அடுக்கிய மரத்தடிகள் உருளும். பொறுப்புடன் நடந்துகொள்வது என்ற சட்ட நிபந்தனையில் இத்தகைய பலகைகளை மதிப்பதும் அடங்கும். அரசுக் காடுகளைப் பராமரிக்கும் ஃபாரஸ்ட்ரி அண்ட் லேண்ட் ஸ்காட்லாந்து அமைப்பு, அடைக்கப்பட்ட வழிகளைத் தன் இணையதளத்தில் அறிவிக்கிறது. புறப்படுவதற்கு முன் அதைப் பார்த்துவிட்டு, மாற்றுச் சாலை ஒன்றையும் உங்கள் ஜிபிஎஸ் கருவியில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து நெடுநாளாகியும் பலகை அகற்றப்படாமல் இருப்பதாகத் தோன்றினால், அந்த அமைப்புக்கு எழுதிக் கேளுங்கள்.