பஸ் கிளம்பிய பிறகு

அன்புள்ள ஐயா,

தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எங்கள் மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் டே ஸ்காலர்கள். காலை ஆறரைக்குக் கல்லூரி பஸ் ஏறி, ராத்திரி ஏழுக்கு வீடு சேர்பவர்கள். முதலாண்டுக்காக மென்டர் (வழிகாட்டி ஆசிரியர்) திட்டம் தொடங்கினோம். இருபது பேருக்கு ஓர் ஆசிரியர், வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்குச் சந்திப்பு. முதல் வாரம் பன்னிரண்டு பேர் வந்தார்கள். மூன்றாம் வாரம் இரண்டே பேர், இருவரும் ஹாஸ்டல். பிள்ளைகளுக்கு அக்கறையில்லை என்கிறார் துறைத்தலைவர். அப்படித்தானா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கல்லூரி பஸ் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று நீங்கள் எழுதவில்லை. நாலே முக்காலுக்குள் என்றால் அந்தப் பன்னிரண்டு பேர் முதல் வாரம் வந்ததே எனக்கு ஆச்சரியம்தான். பஸ்ஸை விட்டால் ஷேர் ஆட்டோ, டவுன் பஸ் என்று மாறி வீடு போய்ச் சேர வேண்டும். வீட்டில் கேள்வி வேறு.

இருபதுக்கு ஒருவர் என்பது ஏஐசிடிஇ-யின் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அறிமுகப் பயிற்சி வழிகாட்டியில் உள்ள கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் நானும் பல வருடம் மென்டர் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டவன். அட்டெண்டன்ஸ் குறைந்தால் கூப்பிடுவேன், அப்பாவுக்குப் போன் போடுவேன். என் அறைக்கு வருவதென்றாலே ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்றுதான் பையன்கள் நினைத்தார்கள். அவர்கள் நினைத்ததும் சரிதான்.

அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கேன்சஸ் சிட்டி வளாகத்தில் 1973-ல் டியானா மார்ட்டின் என்பவர் ஒரு முறையைத் தொடங்கினார். அவர் பலவீனமான மாணவர்களைத் தேடிப் போகவில்லை, நிறையப் பேர் தோற்கும் பாடங்களைத் தேடிப் போனார். அந்தப் பாடத்தை முன்பே நன்றாக முடித்த மாணவர் ஒருவர் மறுபடியும் அதே வகுப்பில் வந்து உட்காருவார். பிறகு தனியாக ஒரு நேரம் வைத்து மற்றவர்களோடு சேர்ந்து கணக்குப் போடுவார். விரும்பியவர் யாரும் போகலாம். ‘எனக்குப் புரியவில்லை’ என்று கைதூக்க வேண்டியதில்லை. பிற்பாடு இந்த முறை பல நாடுகளுக்குப் பரவியதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

உங்களுடையது அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி என்றால், முதல் செமஸ்டரிலேயே கணிதமும் கம்ப்யூட்டர் புரோகிராமிங்கும் சேர்ந்து வந்திருக்கும். தமிழ் மீடியத்திலிருந்து வந்து, கம்ப்யூட்டரைத் தொட்டே பார்த்திராத பையனுக்கு அந்த இரண்டும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன வருடம் அதே இடத்தில் திணறி, கடைசியில் நல்ல கிரேடு வாங்கிய இரண்டாமாண்டு மாணவர்களைப் பிடியுங்கள். டாப்பர் வேண்டாம் என்பது என் கட்சி. அவனுக்கு எங்கே தட்டும் என்றே தெரியாது. ஏதாவது சம்பளம் கொடுங்கள். ஆண்டு விழா மைக் செட்டுக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

சரி, நேரம்? டைம் டேபிளில் லைப்ரரி ஹவர் என்று ஒன்று இருக்குமே, யாரும் லைப்ரரிக்குப் போகாத அந்த ஒரு மணி நேரம், அதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இன்டர்னல் தேர்வுக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். மதிப்பெண் வந்தபின் தொடங்கினால் அதுவும் தண்டனை வகுப்பாகிவிடும்.

முடிந்தால் ஒரே பஸ் ரூட் பிள்ளைகளை ஒரு குழுவில் போடுங்கள். ஸ்டாப்பில் நிற்கும்போது சீனியரிடம் தானாக ஒரு சந்தேகம் கேட்பார்கள். அதற்காக பஸ்ஸுக்குள்ளேயே வகுப்பு வைத்துவிடாதீர்கள், பாவம், காலையில் தூங்கட்டும்.

லைப்ரரி ஹவரைத் தருவது உங்கள் துறைத்தலைவர் கையில்தான் இருக்கும். முதலில் அவரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளின் அக்கறையைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.