கணையம் மாற்றிய பிறகு தினமும் ஸ்கேன் எடுப்பது ஏன்?

சென்னையில் தம்பிக்குச் சிறுநீரகமும் கணையமும் மாற்றி 3 நாள் ஆகிறது, தினமும் டாப்ளர் ஸ்கேன் (குழாய்களில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுக்கிறார்களே, ஏதும் ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், இது முன்னெச்சரிக்கைதான்.

கணையத்துக்குள் ரத்தம் மெதுவாகவே ஓடும். கொடையாளரின் கணையத்தோடு ஒட்டியிருக்கும் மண்ணீரலை நீக்கிவிட்டுப் பொருத்துவதால் அந்தப் பக்கத்து சிரையில் ஓட்டம் இன்னும் குறைந்துவிடும். அதனால் முதல் வாரத்தில் ரத்தம் உறைந்து குழாய் அடைபடுவதுதான் பெரிய கவலை. நன்றாக இருந்த சர்க்கரை சட்டென்று ஏறினாலோ அடிவயிறு வலித்தாலோ உடனே சிடி ஸ்கேன் எடுப்பார்கள். பாதி அடைப்பு என்றால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைக் கொடுத்தே பல நேரம் கணையத்தைக் காப்பாற்றிவிடலாம். அந்த மருந்தால் ரத்தக்கசிவும் வரலாம் என்பதால் அளவை அடிக்கடி பார்த்து மாற்றுவார்கள். முழுதாக அடைத்துவிட்டால் பெரும்பாலும் கணையத்தை எடுத்துவிடத்தான் வேண்டியிருக்கும். மனசு கேட்காதுதான், ஆனால் தாமதித்தால் தம்பியின் உயிருக்கே ஆபத்து.

அப்புறம், எனக்கு அதிகம் பயம் தருவது பின்னாளில் வருவது. மாதங்கள், ஏன், வருடங்கள் கழித்துக்கூட, மாற்றிய கணையத்துக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியின் சுவர் பலவீனமாகிக் குடலுக்குள் திறந்துகொள்ளலாம். மலம் கறுப்பாகவோ ரத்தமாகவோ போனால், கொஞ்சம்தானே, மூலமாக இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். முதலில் சிறிதாகக் கசிந்து, பிறகு பெரிதாகக் கொட்டக்கூடியது அது. 108-ஐக் கூப்பிடுங்கள், கணையம் மாற்றியவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாக உறையிட்ட ஸ்டென்ட் (ஓட்டையை உள்ளிருந்து மூடும் சிறு குழாய்) வைத்து ரத்தத்தை நிறுத்திவிட்டு, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை செய்வார்கள்.